குடியை நிறுத்தும் நாட்களில் தரப்படும் மாத்திரை: லிப்ரியமா, லோராசிபாமா?

தண்டையார்பேட்டைத் தம்பி (கேள்வி)

காசிமேட்டில் விசைப்படகு ஓட்டும் என் அண்ணனுக்கு 46 வயது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடிக்கிறார். அண்மைக் காலமாக ஒரு நாளைக்கு மூன்று குவார்ட்டர் என்பது அவருடைய கணக்கு. தொழிலுக்குப் போகும்போது ஐஸோடும் டீசலோடும் சேர்த்து அதையும் கணக்குப் போட்டு ஏற்றிக்கொள்கிறார். குடியை நிறுத்துவதற்காக இதுவரை இருமுறை அவருக்கு மருத்துவம் பார்த்திருக்கிறோம். இரண்டு முறையும் வெவ்வேறு மாத்திரைகள் தரப்பட்டன என்பதுதான் என் குழப்பத்துக்குக் காரணம்.

முதல்முறை, 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் திடீரென மூடப்பட்டபோது, இரண்டாம் நாள் இரவு அவருக்கு வலிப்பு வந்தது. மருத்துவமனையில் லிப்ரியம் வகையைச் சேர்ந்த 25 மி.கி. மாத்திரைகளைக் கொடுத்து, நாளுக்கு நாள் எண்ணிக்கையைக் குறைத்து, ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். நன்றாகத் தூங்கினார், நடுக்கம் சீராகக் குறைந்தது. சில மாதங்கள் குடிக்காமலும் இருந்தார். இரண்டாம் முறை, சென்ற ஆண்டு மஞ்சள் காமாலை வந்து தெளிந்த பிறகு, வேறொரு மருத்துவமனையில் லோராசிபாம் 2 மி.கி. கொடுத்தார்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பே கை நடுங்கத் தொடங்கிவிடுகிறது என்று அப்போது நாள்தோறும் முறையிட்டார். 25 கொடுத்த இடத்தில் 2 கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்பது இன்றும் அவருடைய கருத்து.

ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். இந்த முறை தடைக்காலத்தில் நிறுத்திவிடுகிறேன் என்று அவராகவே சொல்லியிருக்கிறார். ஆனால் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார். 2020ஆம் ஆண்டின் சீட்டைப் பத்திரமாக வைத்திருப்பதாகவும், அதே மாத்திரையை வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்வதாகவும் சொல்கிறார். அவருக்குக் கால் பாதங்களில் இப்போது வீக்கம் இருக்கிறது. இந்த இரண்டு மருந்துகளுக்கும் உண்மையில் என்ன வேறுபாடு? எது வீரியமானது? பழைய சீட்டை வைத்து வீட்டிலேயே செய்வது சரியாக வருமா?

மனநலப் பிரிவு மருத்துவர்

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்: கூடாது. முன்பு ஒருமுறை குடி நிறுத்தத்தில் வலிப்பு வந்தவருக்கு அடுத்த முறையும் வருவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்துதான் நிறுத்த வேண்டும்.

இனி மருந்துகளுக்கு வருவோம். மூளையில் நரம்புகளை அடக்கி வைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டிவிடுகிறது. கிளர்ச்சியைத் தூண்டும் குளூட்டமேட்டின் வேலையைத் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் இப்படி நடக்கும்போது மூளை தன்னைச் சரிக்கட்டிக்கொள்வதற்காகக் காபாவுக்கு மந்தமாகவும் குளூட்டமேட்டுக்குக் கூர்மையாகவும் மாறிவிடுகிறது. இந்த நிலையில் மதுவை ஒரே நாளில் எடுத்துவிட்டால், எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தவன் கயிற்றை விட்டதும் மல்லாந்து விழுவதைப் போல மூளை கிளர்ச்சியின் பக்கம் சாய்கிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்குகின்றன. வலிப்பு பெரும்பாலும் 48 மணி நேரத்துக்குள் வருகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், நம் பெரியவர்கள் ஜன்னி கண்டுவிட்டது என்று சொல்வதைப் போன்ற பிதற்றல் நிலை சிலருக்கு வருகிறது. டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று நாங்கள் குறிப்பிடும் அந்த நிலைதான் உயிரை எடுக்கக்கூடியது. உங்கள் அண்ணனுக்கு இரண்டாம் நாள் இரவில் வலிப்பு வந்தது இந்தக் கால அட்டவணையோடு அப்படியே பொருந்துகிறது.

லிப்ரியம் எனப்படும் குளோர்டயாசிபாக்சைடு, லோராசிபாம், டயாசிபாம், ஆக்சாசிபாம் ஆகிய நான்கும் பென்சோடயாசிபீன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. 1960இல் விற்பனைக்கு வந்த குளோர்டயாசிபாக்சைடுதான் இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. மது பிடித்து வைத்திருந்த அதே காபா ஏற்பியில், அதாவது நரம்பில் காபா வந்து ஒட்டும் இடத்தில், வேறொரு மூலையைப் பிடித்துக்கொண்டு, மூளை தன் பழைய சமநிலைக்குத் திரும்பும்வரை முட்டுக்கொடுப்பதுதான் இவற்றின் வேலை. ஆகவே வீரியம் என்ற கேள்விக்கு இங்கே அதிகப் பொருளில்லை. 1 மி.கி. லோராசிபாம் ஏறத்தாழ 25 மி.கி. லிப்ரியத்துக்கு ஈடு என்பது நாங்கள் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. அதன்படி பார்த்தால் உங்கள் அண்ணனுக்கு 2 என்று எழுதியவர் குறைத்துக் கொடுக்கவில்லை.

வேறுபாடு எவ்வளவு நேரம் உடலில் தங்குகிறது, யார் அதைக் கரைத்து வெளியேற்றுகிறார் என்ற இரண்டில்தான் இருக்கிறது. லிப்ரியமும் டயாசிபாமும் கல்லீரலில் ஒரு முறை உருமாறி, உருமாறிய பொருளும் மருந்தாகவே வேலை செய்து, அது மறுபடியும் உருமாறி என்று நாட்கணக்கில் உடலில் நிற்பவை. டயாசிபாமிலிருந்து பிறக்கும் பொருளின் பாதியளவு நீங்குவதற்கே 100 மணி நேரம் வரை ஆகக்கூடும். இதனால் ஒரு வேளை தவறினாலும் இரத்தத்தில் அளவு சட்டென்று இறங்காது; நடுக்கம் படிக்கட்டில் இறங்காமல் சரிவில் இறங்குவதைப் போலக் குறையும். உங்கள் அண்ணன் நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னது இதைத்தான். லோராசிபாமின் பாதியளவு 10 முதல் 20 மணி நேரத்தில் நீங்கிவிடுகிறது. அதிலிருந்து பிறக்கும் பொருளுக்கு மருந்துக்குணம் இல்லை. வேளைக்கு வேளை இடைவெளி நீண்டால் நடுக்கம் எட்டிப் பார்க்கும். ஆகவே உங்கள் அண்ணனின் முறையீடு பொய்யில்லை. அதிலிருந்து அவர் எடுத்த முடிவுதான் தவறு.

ஏனென்றால், லிப்ரியத்தின் நீண்ட பயணம் முழுவதும் கல்லீரலின் ஆக்சிஜனேற்ற வேலையை நம்பியிருக்கிறது. கல்லீரல் சுருங்கிப்போனவர்களிடம் முதலில் பழுதாவது அந்த வேலைதான். லோராசிபாமும் ஆக்சாசிபாமும் குளுக்குரோனிக் அமிலத்தோடு ஒட்டி நேரே சிறுநீரில் வெளியேறிவிடுகின்றன. இந்த ஒட்டுவேலை கல்லீரல் நோயிலும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. காமாலை வந்து, இப்போது காலும் வீங்கியிருக்கும் ஒருவர் 2020ஆம் ஆண்டின் சீட்டின்படி லிப்ரியம் போட்டால், முதல் நாள் மாத்திரை கரையும் முன் இரண்டாம் நாள் மாத்திரையும், அது கரையும் முன் மூன்றாம் நாள் மாத்திரையும் உடலில் சேர்ந்துகொண்டே போகும். நான்காம் நாள் அவர் ஆழ்ந்து தூங்குவதைப் பார்த்து வீட்டார் நிம்மதி அடைவார்கள். அது தூக்கமாக இல்லாமலும் இருக்கலாம். சென்ற ஆண்டு மருந்தை மாற்றியவர் இதை நினைத்துத்தான் மாற்றியிருப்பார் என்று கருதுகிறேன். அதை அப்போதே உங்களுக்குச் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கல்லீரல் நன்றாக இருப்பவர்களிடம் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். பெங்களூருவில் உள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில், குடி நிறுத்தத்தில் சிக்கலற்ற நிலையில் இருந்த 100 பேரிடம் நாளொன்றுக்கு லோராசிபாம் 8 மி.கி. அல்லது லிப்ரியம் 80 மி.கி. என்று தொடங்கி, எட்டு நாட்களில் குறைத்து நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, மதிப்பிட்டவருக்கும் தெரியாது. 2009இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு மருந்துகளும் அறிகுறிகளை ஒரே அளவுக்குக் கட்டுப்படுத்தின. ஆய்வில் 1க்கு 10 என்ற விகிதம், நான் மேலே சொன்ன கணக்கு 1க்கு 25. இந்த ஈட்டுக்கணக்குகளைப் பஞ்சாங்கம்போல நம்பக்கூடாது என்பதற்கு அதுவே போதும்.

இரவுப்பணிச் செவிலியர்

மருத்துவர் ஐயா சொன்னதோடு வார்டில் நடப்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். மருந்தின் பெயரைவிட, அதை எப்போது கொடுக்கிறோம் என்பது பல நேரங்களில் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. காலை, மதியம், இரவு என்று மணிக்கணக்கில் கொடுப்பது ஒரு முறை. குமட்டல், நடுக்கம், வியர்வை, பதற்றம், இல்லாததைக் காண்பது முதலிய 10 அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டும் கொடுப்பது இன்னொரு முறை. மொத்தம் 67 மதிப்பெண்கள் கொண்ட அந்தப் பட்டியலைச் சீவா அளவுகோல் என்போம். 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டு தரப்புக்கும் லிப்ரியத்தையே கொடுத்து இந்த இரு முறைகளையும் ஒப்பிட்டபோது, மணிக்கணக்கில் பெற்றவர்களுக்கு இடைநிலை அளவாக (பாதிப் பேருக்கு அதற்கு மேல், பாதிப் பேருக்கு அதற்குக் கீழ்) 68 மணி நேரமும் 425 மி.கி.யும் தேவைப்பட்டன, மதிப்பெண் பார்த்துப் பெற்றவர்களுக்கு 9 மணி நேரமும் 100 மி.கி.யும் போதுமாக இருந்தன.

இதைப் படிக்கும்போது மதிப்பெண் முறைதான் சிறந்தது என்று தோன்றும். ஆனால் இரவில் ஒரு செவிலியர் நாற்பது படுக்கைகளைப் பார்க்கும் இடத்தில், ஒருவருக்கு மட்டும் மணிக்கொரு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்து, கையை நீட்டச் சொல்லி, கூரையில் ஏதாவது ஊர்கிறதா என்று கேட்டு மதிப்பெண் போடுவது நடக்காத காரியம். முன்பு வலிப்பு வந்தவர்களுக்கும் மதிப்பெண் ஏறும்வரை காத்திருப்பது சரியாகாது. வலிப்பு சில நேரங்களில் மற்ற அறிகுறிகளுக்கு முன்பே வந்துவிடும். ஆகையால் எங்கள் வார்டில் அப்படிப்பட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாட்கள் மணிக்கணக்கிலேயே கொடுக்கிறோம், இடையில் தேவைப்பட்டால் கூடுதலாகக் கொடுக்கிறோம், ஆழ்ந்து உறங்குபவரை எழுப்பி மாத்திரை விழுங்க வைப்பதில்லை. அண்ணனுக்கு இடைவெளியில் நடுங்கியது என்றால், அதே லோராசிபாமை வேளைகளைக் கூட்டிப் பிரித்துக் கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று, ஊசி. வாந்தி நிற்காதவர்களுக்கும் வலிப்பு வந்தவர்களுக்கும் லோராசிபாம் ஊசி கைகொடுக்கிறது. சதையில் போட்டாலும் நம்பகமாக இரத்தத்தில் சேரும். டயாசிபாமை நரம்பில் போட்டால் வேகம், சதையில் போட்டால் எப்போது எவ்வளவு சேரும் என்று சொல்ல முடியாது. மது நிறுத்தத்தால் வலிப்பு வந்து பாஸ்டன் நகரில் இரண்டு மருத்துவமனைகளுக்கு வந்தவர்களில், நரம்பில் 2 மி.கி. லோராசிபாம் பெற்ற 100 பேரில் 3 பேருக்கே மறுபடியும் வலிப்பு வந்தது; வெறும் உப்புநீர் பெற்ற 86 பேரில் 21 பேருக்கு வந்தது. இது 1999இல் வெளியானது.

வியாசர்பாடிக்காரன்

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. ஒன்பது ஆண்டுகளாகக் குடிக்காமல் இருப்பவன். தம்பி கேட்ட கேள்வியில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் நிறுத்தியபோது என்னைச் சேர்த்த தனியார் இடத்தில், ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது இதே பென்சோடயாசிபீன் குடும்பத்தைச் சேர்ந்த அல்பிரசோலம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதவில்லை. தூக்கம் வராத இரவுகளில் ஒன்று என்று தொடங்கி, நான்கு மாதத்தில் பகலிலும் போடுகிறவன் ஆகிவிட்டேன். பாட்டில் போய் அட்டை வந்தது, அவ்வளவுதான் என்று என் மனைவி சொன்னதில் பொய்யில்லை. அதை விடுவதற்கு இன்னொரு மருத்துவர் இரண்டு மாதங்கள் எடுத்துக்கொண்டு, கால் மாத்திரை கால் மாத்திரையாகக் குறைத்தார். திடீரென்று நிறுத்தியிருந்தால் அதற்கும் வலிப்பு வந்திருக்கும் என்று அவர் சொன்னபோதுதான் மதுவும் அந்த மாத்திரையும் ஒரே கிணற்றுத் தண்ணீர் என்பது எனக்குப் புரிந்தது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. அண்ணனுக்குத் தெரியாமல் சோற்றில் மருந்து கலந்து கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு அப்படிக் கலந்து கொடுத்து, அவர் வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்து மூச்சுத் திணறி விழுந்ததை நேரில் பார்த்தவன் நான்.

வண்ணாரப்பேட்டை மருந்தாளுநர்

மேலே சொன்ன கலப்பு மருந்து பெரும்பாலும் டைசல்பிராம். குடி நின்றபின், நோயாளியின் ஒப்புதலோடு, மருத்துவர் மேற்பார்வையில் தர வேண்டியது. நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை.

பழைய சீட்டைப் பற்றி: குளோர்டயாசிபாக்சைடும் டயாசிபாமும், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் எச்1 அட்டவணையில் உள்ளவை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள அந்த விதியின்படி, எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்தின் பெயர், கொடுத்த எண்ணிக்கை ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பழையதான சீட்டுக்கு என் கடையில் மாத்திரை கிடைக்காது. கொடுக்கும் கடை எங்காவது இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்; அப்படி வாங்குபவர்கள் இரண்டாம் நாளே நடுக்கம் தாங்காமல் ஒரு கட்டிங் ஏற்றிக்கொண்டு அதன்மேல் மாத்திரையும் போடுவார்கள். மதுவும் பென்சோடயாசிபீனும் ஒன்றாகச் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகும்.

எனக்கும் ஓர் ஐயம் உண்டு. அண்மைக் காலமாகச் சில மருத்துவமனைச் சீட்டுகளில் இதற்குப் பினோபார்பிட்டோன் எழுதப்படுவதைப் பார்க்கிறேன். வலிப்பு நோய்க்குத் தரும் அந்தப் பழைய மாத்திரை எப்படி இங்கே வந்தது? மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடாலும் சில சீட்டுகளில் இருக்கிறது.

மனநலப் பிரிவு மருத்துவர்

செவிலியர் அம்மாவின் திருத்தம் சரியானது. நாற்பது படுக்கைகளின் உண்மையை நாங்கள் சில நேரங்களில் மறந்துவிடுகிறோம்.

பினோபார்பிட்டோன் பென்சோடயாசிபீனுக்கு முன்பே இருந்தது, அது வந்ததும் ஓரம்கட்டப்பட்டது, இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவுகள் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. காபாவைத் தூண்டுவதோடு குளூட்டமேட்டின் பக்கத்தையும் அடக்குவதால், லோராசிபாமை எவ்வளவு கொடுத்தும் அடங்காதவர்கள் சிலர் இதற்கு அடங்குகிறார்கள். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அவசரப் பிரிவில் உடல் எடைக்குக் கிலோவுக்கு 10 மி.கி. வீதம் ஒரே ஒரு முறை நரம்பில் ஏற்றி, அதன்பின் வழக்கமான லோராசிபாமையும் கொடுத்தபோது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 25 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைந்தார்கள். ஆனால் அது பல நாட்கள் உடலில் நிற்கும். ஏற்றிய அளவைத் திரும்ப எடுக்க வழியில்லை. கல்லீரல் கெட்டவரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கண்காணிக்கும் இடத்துக்கு உரிய மருந்து அது. வீட்டுக்கு எழுதிக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

ஹாலோபெரிடால் தனியாகத் தரப்பட்டால் தவறு. பிதற்றுபவரை அது அடக்கிக் காட்டும், ஆனால் வலிப்புக்கான வாசலைத் தாழ்த்திவிடும். 1969இல் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் 537 பேரிடம் நடந்த ஒப்பீட்டிலேயே, அதே வகையைச் சேர்ந்த குளோர்புரோமசின் பெற்றவர்களுக்கு வலிப்பு கூடுதலாகவும், லிப்ரியம் பெற்றவர்களுக்கு மிகக் குறைவாகவும் வந்தது தெளிவாகிவிட்டது. பென்சோடயாசிபீனைப் போதுமான அளவு கொடுத்த பிறகு, துணைக்குச் சிறிதளவு சேர்ப்பது வேறு.

வியாசர்பாடி நண்பர் சொன்னதை எங்கள் துறையின் மீதான நியாயமான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்கிறேன். இந்த மாத்திரைகளுக்கான வேலை பெரும்பாலும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். சீட்டில் முடியும் தேதி இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

தண்டையார்பேட்டைத் தம்பிக்கு மறுபடியும் ஒன்று. இந்த மருந்துகளைப் பற்றிப் பேசும்போது தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து மறக்கப்பட்டுவிடுகிறது. சோற்றைக் குறைத்துக் குடித்தவர்களிடம் அது அடிமட்டத்தில் இருக்கும். தெருமுனை மருத்துவமனையில் நடுக்கத்துக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொள்வது நம் பக்கத்தில் வழக்கம். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால், கண் அசைவும் நடையும் நினைவும் கெடும் வெர்னிக்கே நோய் தூண்டப்படலாம். அண்ணனுக்குத் தயமின் ஊசியாகவே தேவைப்படும்.

தண்டையார்பேட்டைத் தம்பி

அனைவருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதை நேற்று அண்ணனிடம் படித்துக் காட்டினேன். 2 என்பது 25ஐவிடக் குறைவில்லை என்ற வரியை இரண்டு முறை படிக்கச் சொன்னார். வலிப்பை நினைத்தல்ல, கால் வீக்கத்தை நினைத்துத்தான் வரச் சம்மதித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் தடைக்காலம் தொடங்கிப் படகைக் கரையில் கட்டிய பிறகுதான் வருவாராம்; அதற்கு இன்னும் பத்து நாட்கள் இருக்கின்றன. அதுவரை குடியைக் குறைக்கச் சொல்லலாமா, அடியோடு நிறுத்தச் சொல்லலாமா?

மனநலப் பிரிவு மருத்துவர்

அடியோடு நிறுத்தச் சொல்லாதீர்கள். ஒரு மருத்துவர் இப்படி எழுதுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் மருந்துப் பாதுகாப்பு இல்லாமல், அதிலும் கடலில், நிறுத்துவதைவிட அவர் வழக்கப்படி இருப்பது இப்போதைக்கு ஆபத்து குறைந்தது. ஒரு குவார்ட்டரில் 60 கிராம் அளவுக்கு ஆல்கஹால் இருக்கிறது. மூன்றிலிருந்து ஒரே நாளில் சுழியத்துக்கு இறங்குவது 2020இல் என்ன செய்தது என்று உங்களுக்கே தெரியும். சாப்பாட்டைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் இந்தக் கடைசிப் பயணத்துக்குச் சுக்கானை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அவர் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. நாளையே புறநோயாளிப் பிரிவுக்கு வந்து படுக்கைக்குச் சொல்லி வையுங்கள். கண் மஞ்சளானாலோ, வயிறு உப்பினாலோ, கரிய நிறத்தில் மலம் போனாலோ, தலையில் அடிபட்டாலோ பத்து நாட்களைப் பார்க்க வேண்டாம். கரையில் இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள். வரும்போது சென்ற ஆண்டின் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும், இரண்டு பழைய சீட்டுகளையும் கொண்டு வாருங்கள். லிப்ரியம் எழுதிய அந்தச் சீட்டை அண்ணனிடமிருந்து பிடுங்க வேண்டாம். அதை அவரே எங்களிடம் கொடுக்கட்டும். அப்போது எவ்வளவு கொடுத்து அடங்கினார் என்பதைத் தெரிந்துகொள்ள அது எங்களுக்கு வேண்டும்.

தண்டையார்பேட்டைத் தம்பி

சரி ஐயா. படகு 14ஆம் தேதி இரவு கரைக்கு வருகிறது. 15ஆம் தேதி காலை ஏழு மணிக்கு, அவர் கை நடுங்கத் தொடங்குவதற்கு முன்பே, நானும் அண்ணியும் ஆட்டோவில் அழைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம்.